கிறிஸ்துவோடு முடிந்துபோயிற்றா யூத ஞானம்?

தவக்காலம் வந்துவிட்டால் நம் மறையுரை மேடைகளில் ஒரு குரல் ஆண்டுதோறும் தவறாமல் ஒலிக்கிறது. யூதர்கள் சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அதன் உயிரை விட்டவர்கள். மெசியாவைப் புறக்கணித்த அன்றே அவர்களது சமயம் பட்டமரமாயிற்று. அதற்குப் பின் அவர்களுடைய ரபிகள் செய்ததெல்லாம் எழுத்தெண்ணிக் காலம் கழித்ததே என்று அக்குரல் சொல்கிறது. மறைக்கல்வி வகுப்பிலும் இதுவே பாடம். பாடுகளின் நாடகத்தில் தலைமைக் குருக்களுக்கு ஒட்டப்படும் தாடியும் ஊட்டப்படும் கொடுஞ்சிரிப்பும் இப்பாடத்திற்கே விளக்கவுரை. ஒருவரை வெளிவேடக்காரர் என்று ஏசவேண்டுமானால் 'அவர் ஒரு பரிசேயர்' என்கிறோம். கேட்பவரும் பொருள் புரிந்து தலையசைக்கிறார்.

இக்கூற்று உண்மையன்று. வரலாற்றுக்கும் ஒவ்வாது, திருச்சபையின் போதனைக்கும் ஒவ்வாது. தமிழில் ஒருவரை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்றால் அது புகழுரை. யூதருக்கு மட்டும் அது வசையுரையானது எங்ஙனம்? இடைக்கால ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த ரபிகளின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தால், அவர்கள் எண்ணிய எழுத்துகளின் பயனை இன்று நாமும் துய்த்து வருகிறோம் என்பது விளங்கும். கடன்பட்டவன் கடன் கொடுத்தவனையே ஓட்டாண்டி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தால் அதற்கு என்ன பெயரோ, அதையே நம் மறையுரைகள் பல செய்துகொண்டிருக்கின்றன.

செபராது

ஒபதியா இறைவாக்கினர் நூலின் 20ஆம் வசனத்தில் செபராது என்னும் இடப்பெயர் வருகிறது. இடைக்கால யூதர் அதனை ஸ்பெயின் நாட்டின் பெயராகக் கொண்டனர். அந்நாட்டு யூதரும் அவர் வழிவந்தோரும் செபராதியர் எனப்பட்டனர். கி.பி. 711இல் அந்நாடு இஸ்லாமியர் ஆட்சிக்கு உட்பட்டபின், பத்தாம் நூற்றாண்டில் கொர்தோபா நகரம் கல்வியிற் சிறந்து விளங்கிற்று. அங்கே கலிபா மூன்றாம் அப்துர் ரகுமானின் அவையில் மருத்துவராகவும் அரசியல் தூதராகவும் இருந்த அஸ்தாய் இபின் ஷப்ரூத் என்னும் யூதர், எபிரேயப் புலவர்களையும் இலக்கணிகளையும் ஆதரித்துப் போற்றினார். பாபிலோனியாவின் பழம்பெரும் யூதக் கல்விக்கழகங்கள் ஒளி மங்கத் தொடங்கிய காலத்தில், செபராது ஒளிபெற்று எழுந்தது.

1088இல் ஈசாக்கு அல்பாசி என்னும் ரபி, பகைவர்களின் குற்றச்சாட்டினால் மொரோக்கோவின் ஃபெஸ் நகரை விட்டு ஸ்பெயினுக்கு ஓடிவந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 75 வயது. ஓய்ந்து சாயவேண்டிய அந்த வயதில் லூசேனா நகரில் கல்விக்கழகத்தின் தலைமையை ஏற்றார். கடல்போல் விரிந்து கிடந்த தல்மூதிலிருந்து வாழ்க்கைக்கு வேண்டிய சட்ட முடிவுகளைப் பிரித்தெடுத்துத் தொகுத்த பெருமை அவருடையது. அவருடைய மாணவர் யோசேப்பு இபின் மிகாஷ். அவருடைய மாணவர் கொர்தோபாவின் நீதிபதி மைமோன். அவருடைய மகனே மோசே பென் மைமோன். உலகம் மைமோனிடெஸ் என்று அழைக்கும் மாமேதை. ஆசானிடமிருந்து மாணவனுக்கு அறுபடாது வந்த இந்தச் சங்கிலியைப் பட்டமரம் என்பது எவ்வாறு பொருந்தும்?

செபராதுவை ஒரு பொற்காலச் சொர்க்கமாகவும் நாம் காட்ட விரும்பவில்லை. 1066இல் கிரனாதா நகரில் யூதர் பெருந்திரளாகக் கொல்லப்பட்டனர். 1148இல் அல்மொகாது மரபினர் கொர்தோபாவைக் கைப்பற்றியபோது, மதம் மாறு அல்லது வெளியேறு என்னும் நிலை உண்டாயிற்று. இந்த அறிஞர்களுள் பலர் மூட்டை முடிச்சுகளோடு ஊர் ஊராய் அலைந்தவர்கள். அலைச்சலுக்கு இடையே எழுதியவை அவர்களுடைய நூல்கள்.

எழுத்தெண்ணியதால் விளைந்த நன்மை

எபிரேய வினைச்சொற்களின் வேர் யாது என்பது நெடுங்காலம் தீராத சிக்கலாய் இருந்தது. சில வினைகள் சொல் திரியும்போது ஓரெழுத்தை இழந்துவிடும். சில ஈரெழுத்தையும் இழக்கும். ஆகவே ஓரெழுத்து வேர்களும் உண்டு, ஈரெழுத்து வேர்களும் உண்டு என்று முன்னோர் எண்ணினர். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொர்தோபாவில் வாழ்ந்த யூதா ஹயூஜ், எபிரேய வினையின் வேர் மூன்றெழுத்தால் ஆனது என்றும், மறைந்த எழுத்து இன்ன விதியால் மறைகிறது என்றும் காட்டினார். அடுத்த நூற்றாண்டில் சரகோசாவின் மருத்துவர் யோனா இபின் ஜனா அந்த அடித்தளத்தின்மேல் முழுமையான இலக்கணமும் அகராதியும் எழுதினார். ஸ்பெயினிலிருந்து நார்போன் நகருக்குத் தப்பியோடிய கிம்கி குடும்பத்தில் பிறந்த தாவீது கிம்கி, இந்த அறிவையெல்லாம் எபிரேய மொழியிலேயே தொகுத்தளித்தார். 1506இல் யோகான் ராய்க்லின் என்னும் ஜெர்மானியக் கத்தோலிக்க அறிஞர் கிறிஸ்தவர்களுக்காக வெளியிட்ட எபிரேய இலக்கண நூல் பெரிதும் கிம்கியை அடியொற்றியது. இன்று எந்தக் குருமடத்திலேனும் ஒரு மாணவர் எபிரேய அகராதியைத் திறந்து மூன்றெழுத்து வேரைத் தேடினால், அவர் ஹயூஜ் வகுத்த வழியிலேயே நடக்கிறார்.

இதனால் விசுவாசத்திற்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டுப் போதும். உரோமை நகரில், சங்கிலியில் பிணிக்கப்பட்ட புனித பேதுரு ஆலயத்தில், மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசேயின் உருவம் இருக்கிறது. அதன் தலையில் இரு கொம்புகள்! சீனாய் மலையிலிருந்து மோசே இறங்கி வந்ததைக் கூறும் விடுதலைப் பயண நூலின் 34ஆம் அதிகாரத்தில் வரும் எபிரேய வினைச்சொல், கொம்பு என்னும் சொல்லோடு உறவுடையது. புனித எரோணிமுஸ் தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில் கொம்பு என்றே பொருள்படும் சொல்லை இட்டார்; மேலைநாட்டுக் கலைஞர்கள் பல நூற்றாண்டுகளாக மோசேக்குக் கொம்பு முளைக்க வைத்தனர். ஆனால் அச்சொல் ஒளி வீசுதலைக் குறிக்கும் என்று, அபக்கூக்கு நூலில் அது பயின்று வரும் இடத்தையும் காட்டி, மைக்கேலாஞ்சலோவுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியவர் ஸ்பெயினின் துதேலா நகரில் பிறந்த ரபி ஆபிரகாம் இபின் எஸ்ரா. இன்று நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் தமிழ்த் திருவிவிலியத்தில் மோசேயின் முகம் ஒளிர்கிறது. கொம்பில்லை.

இந்த இபின் எஸ்ரா ஏறத்தாழ 1140இல் ஸ்பெயினை விட்டு வெளியேறியவர். உரோமை, லூக்கா, நார்போன், ரூவான், இலண்டன் என வறியவராய் அலைந்துகொண்டே விவிலியத்திற்கு உரை எழுதினார். இணைச்சட்ட நூலின் இறுதி அதிகாரம் மோசேயின் சாவைச் சொல்வதால், அப்பகுதியை எழுதியவர் யோசுவா என்பது அவர் கருத்து. எசாயா நூலின் 40ஆம் அதிகாரத்திலிருந்து வேறொரு காலத்தின் குரல் கேட்கிறது என்பதையும் அறிவுடையோர்க்குப் புரியும் வண்ணம் குறிப்பாய் உணர்த்தினார். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியரின் கண்டுபிடிப்பு என்று நாம் பாடம் நடத்தும் செய்திக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் ரபி ஒருவர் கோடு காட்டியிருக்கிறார். குருட்டுத்தனமாய் எழுத்தைப் பற்றிக்கொண்டிருந்தவர் செய்யும் செயலா இது?

இதயத்தின் கடமைகள்

சட்டம் யூதருக்கு, அன்பு நமக்கு என்று பங்கு பிரிப்பது நம்மிடையே இன்னொரு வழக்கம். அவ்வாறு பங்கு பிரிப்போர் பாகியா இபின் பக்கூதாவை அறியாதவர்கள். பதினோராம் நூற்றாண்டில் சரகோசாவில் யூத நீதிமன்றத்தின் நீதிபதியாய் விளங்கியவர் அவர். சட்டத்தையே தொழிலாகக் கொண்டவர். ஏறத்தாழ 1080இல் அவர் எழுதிய 'இதயத்தின் கடமைகள்' என்னும் நூல், உடல் உறுப்புகளால் ஆற்றும் கடமைகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர், உள்ளத்தின் கடமைகளையோ எவரும் தொகுக்கவில்லை என்ற குறையோடு தொடங்குகிறது. பத்து வாயில்களாக அமைந்த அந்நூலின் முதல் வாயில் இறைவனின் ஒருமை. பத்தாம் வாயில் இறையன்பு. இடையே நம்பிக்கை, தாழ்ச்சி, மனமாற்றம், தன்னாய்வு முதலியன. ஆசிரியர் பெயரை மறைத்துவிட்டு நம் ஞானதியானங்களில் வாசித்தால், ஏதோ ஒரு துறவற சபைத் தந்தை எழுதியது என்றே பலர் கருதுவர்.

இனி மைமோனிடெசைப் பார்ப்போம். 1138இல் கொர்தோபாவில் பிறந்தவர். பத்து வயதில் ஊரிழந்தார். ஃபெஸ், ஆக்கர் எனச் சுற்றி எகிப்தில் நிலைகொண்டார். நிலத்திலும் கடலிலும் பயணம் செய்துகொண்டே தொடர்ந்த மிஷ்னா உரையை 1168இல் நிறைவு செய்தார். குடும்பத்தைத் தாங்கிய இளைய சகோதரர் தாவீது ஒரு வணிகர். நம் இந்தியாவை நோக்கி வரும் வழியில் கடலில் மூழ்கி இறந்தார். அத்துயரில் மைமோனிடெஸ் ஏறத்தாழ ஓராண்டு படுத்த படுக்கையாய்க் கிடந்தார். மறைநூல் கற்பிப்பதற்குக் கூலி வாங்குவது தகாது என்பது அவர் கொள்கை. ஆகவே மருத்துவத் தொழிலால் வாழ்ந்தார். யூதச் சட்டம் முழுவதையும் பதினான்கு பகுதிகளாக வகுத்து, எளிய எபிரேயத்தில் அவர் அமைத்த 'மிஷ்னே தோரா' என்னும் நூலே இன்றுவரை அத்துறையின் தலையாய தொகுப்புகளுள் ஒன்று.

அச்சட்டத் தொகுப்பிற்குள் ஏழைகளுக்குரிய பங்கைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. ஈகையை எட்டுப் படிகளாக அவர் அங்கே வரிசைப்படுத்துகிறார். கடைசிப் படி முகம் கோணிக் கொடுப்பது. அதற்கு மேலானது குறைவாயினும் முகமலர்ச்சியுடன் கொடுப்பது. பின்னர் கேட்டபின் கொடுப்பது, கேட்குமுன் கொடுப்பது என உயர்ந்து செல்கிறது. இரண்டாம் படி, கொடுப்பவர் பெறுபவரை அறியாமலும், பெறுபவர் கொடுப்பவரை அறியாமலும் நிகழும் ஈகை. எல்லாவற்றிற்கும் மேலான முதற்படி, வீழ்ந்தவருக்குக் கடன் கொடுத்தோ, தொழிலில் பங்காளியாக்கியோ, வேலை அமைத்துத் தந்தோ, அவர் இனி எவரிடமும் கையேந்தாதபடி நிமிர்ந்து நிற்கச் செய்வது. குழல்விளக்கின் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதிவைக்கும் நம் ஆலயங்கள் இந்த எட்டில் எந்தப் படியில் நிற்கின்றன? சட்டவாதி என்று நாம் இகழ்பவரிடம் ஈகையின் அரிச்சுவடியை நாம் பயில வேண்டியிருக்கிறது.

'ரபி மோசே'

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றோர் புனித தாமஸ் அக்குவினாசின் நூல்களில் 'ரபி மோசே' என்னும் பெயரைக் கண்டிருப்பர். அவர் வேறெவருமல்லர், மைமோனிடெசே. ஏறத்தாழ 1190இல் அவர் அரபு மொழியில் எழுதி முடித்த 'மயங்குவோர்க்கு வழிகாட்டி' பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. பெரிய ஆல்பர்ட்டும் அவர் மாணவர் அக்குவினாசும் அதனைக் கருத்தூன்றிப் படித்தனர்.

1242இல் பாரிசு நகரில் தல்மூது ஏடுகள் வண்டி வண்டியாகக் கொண்டுவரப்பட்டுப் பொதுவிடத்தில் தீயிலிடப்பட்டன. அதே பாரிசில், 1256க்கும் 1259க்கும் இடையே, அக்குவினாஸ் 'உண்மை குறித்த வினாக்கள்' என்னும் நூலை உருவாக்கினார். கடவுளைப் பற்றி மனித அறிவே எட்டக்கூடிய உண்மைகளையும் விசுவாசத்தால் ஏற்பது ஏன் தேவையாகிறது என்று அதில் ஒரு வினா எழுகிறது. விடையாக ஐந்து காரணங்களை அவர் தருகிறார்: பொருளின் ஆழம், மனித அறிவின் தொடக்கநிலை வலுவின்மை, முன்னதாகக் கற்கவேண்டியவற்றின் மிகுதி, சிலரது இயல்பின் தகுதியின்மை, வயிற்றுப்பாட்டுக்காகப் பலர் படவேண்டிய பாடு. இவை ரபி மோசே சொன்ன காரணங்கள் என்று பெயரிட்டே குறிக்கிறார். இறைவெளிப்பாடு இன்றியமையாதது என்பதற்கு அக்குவினாஸ் காட்டிய நியாயங்களின் வழியிலேயே 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் பேசிற்று; 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் பேசுகிறது. நம் மறைக்கல்வியின் ஒரு தூணுக்கு அடியில் ஒரு ரபி வைத்த கல் இருக்கிறது.

அக்குவினாஸ் எல்லாவற்றிலும் உடன்பட்டார் என்பதும் இல்லை. கடவுளைக் குறித்து, இன்னதல்லர் இன்னதல்லர் என்று எதிர்மறையாகவே பேசமுடியும் என்னும் மைமோனிடெசின் கருத்தை 'இறையியல் தொகுப்பு' நூலில் பெயர் சொல்லி மறுக்கிறார். பழைய ஏற்பாட்டுச் சடங்குகளுக்குரிய காரணங்களை ஆராயுமிடத்தில் அவரையே துணைக்கு அழைக்கிறார். உடன்பாடும் மறுப்பும் அறிவின் தளத்தில் நிகழ்கின்றன. ஏச்சு இல்லை, இழிவு இல்லை. யூதரோடு பேசும் முறைக்கு நம் மறைவல்லுநர் வகுத்துத் தந்த இலக்கணம் இது. அவரைப் பாதுகாவலராகக் கொண்ட குருமடங்களிலிருந்து வரும் நாம் அந்த இலக்கணத்தை மறந்தது ஏன்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'வாழ்வின் ஊற்று' என்னும் மெய்யியல் நூல் இடைக்காலக் கிறிஸ்தவ அறிஞரிடையே பெரிதும் வழங்கிற்று. அதன் ஆசிரியர் 'அவிசெப்ரோன்' எனப்பட்டார். அவர் ஓர் அரபு இஸ்லாமியர் என்றும் கிறிஸ்தவர் என்றும் பலவாறாகக் கருதினர். பிரான்சிஸ்கன் சபை அறிஞர் பலர் அக்கருத்துகளை ஏற்றுப் போற்றினர், அக்குவினாஸ் மறுத்தார். 1846இல் சாலமோன் முங்கு என்னும் அறிஞர் உண்மையை வெளிப்படுத்தினார்: பதினோராம் நூற்றாண்டு ஸ்பெயினின் எபிரேயப் பெருங்கவிஞர் சாலமோன் இபின் கபிரோலே அந்த அவிசெப்ரோன். யூதர் என்று அறிந்திருந்தால் அந்நூல் போற்றப்பட்டிருக்குமோ, எரிக்கப்பட்டிருக்குமோ! பெயர் மறைந்திருந்ததால் அறிவு மட்டும் பேசிற்று.

மேடையிலிருந்து பிறந்த கொலை

வெறும் மறையுரைச் சொற்களுக்கு இத்தனை கண்டனமா என்று நினைப்போர் செபராதுவின் பிற்பகுதி வரலாற்றையும் அறியவேண்டும்.

1263 சூலையில் பார்சலோனாவில் அரகோன் மன்னர் முதலாம் ஜேம்சின் முன்னிலையில் ஒரு சமய வாதம் நடந்தது. ஒருபுறம் யூத சமயத்திலிருந்து வந்து தோமினிக்கன் சபையில் சேர்ந்த பாப்லோ கிறிஸ்தியானி. மறுபுறம் ஜிரோனா நகர ரபி மோசே பென் நாக்மான். தோரா நூல்களுக்கு ஆழ்ந்த உரை கண்டவர் இவர். இபின் எஸ்ராவின் கருத்தை மறுக்கும்போது வெளிப்படையான கண்டிப்பும் மறைவான அன்பும் கொள்வதாகத் தம் முன்னுரையிலேயே சொன்னவர். மன்னர் பேச்சுரிமை அளித்தார். ரபி அஞ்சாமல் வாதிட்டார். மன்னர் அவருக்கு 300 காசுகள் வழங்கி ஊருக்கு அனுப்பினார். ஆனால் வாதத்தின் விவரத்தை அவர் எழுதி வெளியிட்டதற்காக வழக்குத் தொடரப்பட்டது. 1267இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், அவர் எருசலேம் போய்ச் சேர்ந்தார். பாழடைந்து கிடந்த நகரில் அவர் கண்ட யூதர் சாயத்தொழில் செய்த இரு சகோதரர் மட்டுமே. அங்கே ஒரு தொழுகைக்கூடத்தை நிறுவி, தம் உரையைச் செப்பம் செய்தார்.

அந்த வாதத்தில் நீதி குறைந்திருந்தாலும் பேச்சாவது இருந்தது. அடுத்த நூற்றாண்டில் அதுவும் போயிற்று. எசிஹா நகரின் தலைமைத் தியாக்கோன் ஃபெரான் மார்த்தினெஸ் என்பவர் 1378 முதல் செவில் நகரில் யூதருக்கு எதிராக இடைவிடாது மறையுரை ஆற்றினார். அரசர்கள் தடுத்தனர், பேராயர் தடுத்தார். 1390இல் பேராயரும் அரசரும் அடுத்தடுத்து இறந்தனர். தடுக்க ஆளில்லாது போயிற்று. 1391 சூனில் செவில் நகர யூதர் குடியிருப்பின்மேல் கூட்டம் பாய்ந்தது. கொர்தோபா, தொலேதோ, வலென்சியா, பார்சலோனா என நெருப்புப் பரவிற்று. பார்சலோனாவில் கொல்லப்பட்டோருள் ஒருவர் ரபி அஸ்தாய் கிரெஸ்காசின் ஒரே மகன். அத்துயரையும் தாங்கிக்கொண்டு, அரிஸ்டாட்டிலின் இயற்பியலையே ஆட்டம் காணச் செய்யும் வினாக்கள் நிறைந்த 'ஆண்டவரின் ஒளி' என்னும் நூலை 1410இல் முடித்தார் அத்தந்தை.

அந்தக் கொலைகாரர்கள் கத்தியோடு பிறந்தவர்கள் அல்லர். ஞாயிறுதோறும் கோவிலுக்குச் சென்றவர்கள். பதின்மூன்று ஆண்டுகள் ஒரு குரு சொன்னதைக் கேட்டவர்கள்.

1492 மார்ச்சு 31இல் அரசாணை வெளியாயிற்று: திருமுழுக்குப் பெறாத யூதர் அனைவரும் வெளியேற வேண்டும். அரசவையில் நிதிப்பொறுப்பு வகித்த விவிலிய உரையாசிரியர் ஈசாக்கு அபிரவனேலும் தம் மக்களோடு வெளியேறினார். சலமான்கா ஆயரின் ஆதரவில் வானியல் நூல் எழுதிய ஆபிரகாம் சக்கூத்தோவும் வெளியேறினார். போர்த்துகல் அவரை ஏற்றது. அவருடைய கதிரவன் அட்டவணைகள் 1496இல் அந்நாட்டின் லெயிரியா நகரில் அச்சேறின. கடலில் அட்சரேகையைக் கணிக்க மாலுமிகளுக்கு உதவின. மறு ஆண்டு வாஸ்கோ ட காமா இந்தியாவுக்குப் புறப்பட்டார். அதே ஆண்டில் போர்த்துகல்லும் யூதரைக் கட்டாயமாக மதம் மாற்றியது. சக்கூத்தோ தூனிசு நகருக்குத் தப்பியோடி, அங்கே ரபிகளின் தலைமுறை வரலாற்றை 1504இல் எழுதினார். அந்தக் கடல்வழியில்தான் 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தார். முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்தார். நம் மூதாதையர்க்கு நற்செய்தி கொணர்ந்த கப்பல்களுக்கு வழிகாட்டிய அறிவில், கிறிஸ்தவ அரசுகள் விரட்டியடித்த ஒரு ரபியின் பங்கும் உண்டு.

ஸ்பெயினோ, யூதரை விரட்டிய இருபத்திரண்டு ஆண்டுகளில், கர்தினால் சிஸ்னேரோசின் தலைமையில் பன்மொழி விவிலியத்தை அச்சிடத் தொடங்கியபோது, அதன் எபிரேயப் பகுதிக்கு யூத சமயத்திலிருந்து வந்த அல்போன்சோ தெ சமோராவையும் அவரைப் போன்றோரையுமே நாடவேண்டியதாயிற்று. கிணற்றைத் தூர்த்துவிட்டுக் குடத்தில் எஞ்சிய நீரைத் தேடிய கதை.

எதிர்ப்போர்க்கு விடை

'இந்த ரபிகள் கிறிஸ்துவை ஏற்றார்களா?' என்று கேட்கலாம். ஏற்கவில்லை. மைமோனிடெஸ் நம் ஆண்டவரைக் குறித்துக் கடுமையாகவே எழுதினார். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அதே இடத்தில், கிறிஸ்தவமும் இஸ்லாமும் பரவியதால் மெசியா, தோரா, கட்டளைகள் என்னும் சொற்கள் தொலைதூரத் தீவுகளையும் எட்டின என்றும், அவை மெசியாவின் வழியைச் செம்மைப்படுத்துகின்றன என்றும் எழுதினார். கிறிஸ்தவத் தணிக்கையால் அப்பகுதி முழுவதும் பற்பல அச்சுப் பதிப்புகளில் இல்லாது போயிற்று. நம்மைப் பற்றிய கடுஞ்சொல்லோடு நல்ல சொல்லையும் சேர்த்தே நாம் வெட்டி எறிந்தோம்!

'அப்படியானால் கிறிஸ்துவே ஒரே மீட்பர் என்னும் விசுவாசம் என்னாவது?' விசுவாசத்தில் அணுவளவும் குறைக்கச் சொல்லவில்லை. அதனைக் காப்பதற்குப் பொய் தேவையில்லை என்றே சொல்கிறோம். கடவுள் தம் கொடைகளையும் அழைப்பையும் திரும்பப் பெறுவதில்லை என்று உரோமையர் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில் பவுலடியார் போதிக்கிறார். நாம் ஒட்டப்பட்ட காட்டொலிவக் கிளை என்றும், வேர் நம்மைத் தாங்குகிறது என்றும் எச்சரிக்கிறார். 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆண்டவரின் பாடுகளுக்காக அக்கால யூதர் அனைவர்மீதோ இக்கால யூதர்மீதோ பழிசுமத்தக் கூடாது என்று அறிவித்தது. அதற்கும் நானூறு ஆண்டுகளுக்கு முன், 1566இல் வெளிவந்த திரெந்துப் பொதுச்சங்க மறைக்கல்வி நூல், சிலுவைக்குக் காரணமான குற்றத்தில் பாவம் செய்யும் கிறிஸ்தவரின் பங்கு யூதரின் பங்கினும் கொடியது எனக் கற்பித்தது. யூதர் விவிலியத்தை வாசிக்கும் முறை ஏற்கத்தக்க ஒன்று, அதிலிருந்து கிறிஸ்தவர் கற்கவும் கூடும் என்று 2001இல் திருத்தந்தையின் விவிலிய ஆணைக்குழு எடுத்துரைத்தது. ஆகவே நாம் சொல்வது புதுமையன்று. பழைய மேடைப் பேச்சே திருச்சபையின் போதனைக்குப் புறம்பானது.

'நம் ஊரில் யூதரே இல்லையே. யாருக்கு இதனால் நட்டம்?' என்பது மூன்றாம் கேள்வி. அண்டையிலுள்ள கொச்சியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. அதனை எழுப்பிய சமூகத்தில் ஸ்பெயினிலும் போர்த்துகல்லிலும் இருந்து விரட்டப்பட்டோரின் வழியினரும் இருந்தனர். 1662இல் போர்த்துக்கீசியர் அதனையும் சேதப்படுத்தினர். இருக்கட்டும். மறுத்துரைக்க ஆளில்லாத இடத்தில் ஒருவரைப் பழிப்பது எளிது. எளிது என்பதாலேயே அது இழிவு. பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று கூறாதே என்னும் எட்டாம் கட்டளை, அப்பிறர் நம் பங்கில் குடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவில்லை. சிறுபான்மையினராய் வாழும் நாம், நம்மைப் பற்றி நாமில்லாத மேடைகளில் பேசப்படும் பொய்களுக்காக வருந்துகிறோம். அதே செயலை நம் மேடையில் நாம் செய்யலாமா? இன்றைய அரசு ஒன்றின் செயல்களை அறநெறி கொண்டு எடைபோடுவது வேறு; ஒரு மக்களின் மூவாயிரம் ஆண்டு விசுவாசத்தை இழித்துரைப்பது வேறு.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. பரிசேயர் என்னும் சொல்லை வசைச்சொல்லாக வழங்குவதை விடவேண்டும். பாடுகளின் நாடகங்களை எழுதுவோரும் நடிப்போரும், இயேசுவும் மரியாவும் திருத்தூதரும் யூதரே என்பது பார்ப்போர்க்கு விளங்கும்படி அமைக்கவேண்டும். மறைக்கல்வி ஆசிரியர்க்கு நடத்தும் பயிற்சியில், கி.பி. 70இல் எருசலேம் அழிந்தபின் யூத விசுவாசம் எவ்வாறு வாழ்ந்து வளர்ந்தது என்பதற்கு ஒரு பாடவேளையேனும் ஒதுக்கவேண்டும். பழைய ஏற்பாட்டிலிருந்து மறையுரை ஆற்றும் குருக்கள், இபின் எஸ்ராவும் கிம்கியும் பென் நாக்மானும் அப்பகுதிக்கு என்ன பொருள் கண்டனர் என்று பார்த்துவிட்டு மேடையேறவேண்டும்.

இறைமக்களாகிய உங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வருகிற தவக்காலத்தில் அந்தப் பழைய குரல் மீண்டும் ஒலித்தால், வழிபாடு முடிந்தபின் குருவானவரிடம் பணிவோடு சென்று கேளுங்கள்: சாமி, தாமஸ் அக்குவினாஸ் மதித்த அந்த ரபி மோசே எந்த மதத்தைச் சேர்ந்தவர்?